நட்டோடு பைப்பும் சேர்ந்து சுற்றினால்

வேலை கற்றுக்கொண்டிருந்த காலத்தில் ஒரு பழைய வேனின் பின்சக்கர வீல் சிலிண்டரை, அதாவது ஆயில் அழுத்தத்தில் சக்கரத்தின் பிரேக்கைத் தள்ளும் சாமானை, கழற்றச் சொன்னார்கள். அதற்கு ஆயில் கொண்டுவரும் பிரேக் பைப்பின் நட்டில் ஸ்பேனரைப் போட்டு இழுத்தேன். கொஞ்ச நேரம் முரண்டு பிடித்தது, அப்புறம் டக்கென்று இளகியது. அந்தச் சந்தோஷத்தில் மளமளவென்று சுற்றிக்கொண்டே போனேன். நட் வெளியே வந்துகொண்டுதான் இருந்தது. பைப் மட்டும் பிழிந்த ஈரத்துணி மாதிரி முறுக்கிக்கொண்டு நின்றது. வேலை சொல்லிக்கொடுத்தவர் எட்டிப் பார்த்தார். திட்டவில்லை. "நட்டையே பாத்துக்கிட்டிருந்தா எப்படிடா? பைப்பைப் பாரு" என்றார். பத்து நிமிட வேலை என்று ஆரம்பித்தது, புதுப் பைப் வளைத்துப் போட்டு முடிக்க ராத்திரி ஆகிவிட்டது.

அவர் ஏன் பைப்பைப் பார்க்கச் சொன்னார் என்பது பிற்பாடுதான் எனக்கு விளங்கியது. பிரேக் பைப் நட் இரண்டு இடத்தில் சுற்ற வேண்டிய சாமான். வெளிப்பக்கம், சிலிண்டருக்குள் போகும் மரையில் சுற்ற வேண்டும். உள்பக்கம், தன் நடுத்துளை வழியாகப் போகும் பைப்பின் மேல் சுற்ற வேண்டும். மரையைப் பற்றி எல்லோரும் கவலைப்படுகிறார்கள். உள்துளையை யாரும் நினைப்பதே இல்லை. ஆனால் என் கைக்கு வந்த வண்டிகளில் அதிகம் வேலை வைத்தது அந்த உள்துளைதான். மரை இளகிவிடும், பைப்பும் நட்டும் துருவால் ஒட்டிக்கொண்டு ஒரே துண்டாகச் சுற்றும், மெல்லிய பைப் முறுக்கி உடையும்.

காரணம் எளிது. பைப்பின் நுனியை விரித்து வைத்திருக்கிறார்களே, அந்த ஃப்ளேர்தான் பிரேக் ஆயிலை அடைத்து நிறுத்துவது. நட் அதைப் பின்னாலிருந்து தள்ளிப் பிடிக்கிறது, அவ்வளவே. அதனால் நல்ல நிலையில் உள்ள இணைப்பில் மரைப் பக்கமோ நட்டின் உள்ளேயோ ஆயில் வராது, அங்கே எந்த மசகும் இருக்காது. மறுபக்கம், நட்டின் முதுகுப் பக்கம் பைப்புக்கும் துளைக்கும் நடுவே மயிரிழை இடைவெளி திறந்தே கிடக்கிறது. சக்கரம் தெறிக்கும் தண்ணீர், சேறு, உப்பு எல்லாம் அதற்குள் ஏறி உட்கார்ந்துகொள்ளும். சுலபத்தில் காயாது. துரு பிடித்த இரும்பு, துரு பிடிக்காத இரும்பைவிட அதிக இடத்தை அடைக்கும். அந்த மயிரிழை இடைவெளி நிரம்பிவிட்டால் கதை முடிந்தது.

ஆக, நட் சிக்காமல் இருக்க வேண்டுமென்றால் அதை மாட்டும் நாளிலேயே இரண்டு இடத்தையும் கவனிக்க வேண்டும். ஆனால் மாட்டுவதற்கு முன் கழற்றியாக வேண்டுமே, அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் ஸ்பேனர். இரண்டு பக்கமும் வாய் திறந்த சாதாரண ஸ்பேனர் நட்டின் இரண்டு முகத்தை மட்டும்தான் பிடிக்கும். பிரேக் நட் மெத்தென்ற இரும்பு, மூலை மழுங்கிவிடும். ரிங் ஸ்பேனரில் பைப் நுழையும் அளவுக்கு ஒரு வெட்டு விட்ட மாதிரி இருக்கும் ஃப்ளேர் நட் ஸ்பேனர்தான் இதற்கு. அதிலும் ஆறு மூலை உள்ளதைப் பாருங்கள், பன்னிரண்டு மூலை வேண்டாம். 10 மி.மீ., 11 மி.மீ. இரண்டும் வைத்திருந்தால் பெரும்பாலான கார்களுக்குப் போதும். பழைய வண்டிகளில் 7/16 அங்குல நட் வரும். அது 11.1 மி.மீ., அதனால் 11 மி.மீ. ஸ்பேனர் ஏற முரண்டும். தட்டி ஏற்றினால் ஏறிவிடும், சில நேரம் அது நல்லதுகூட, ஏனென்றால் துருவில் கரைந்த நட்டை இறுக்கமாகப் பிடிக்கும். இதற்கு நேர் எதிரான தப்பு, 10 மி.மீ. நட்டில் 11 ஸ்பேனரைப் போட்டுப் பார்ப்பது. ஒரே இழுப்பில் நட் உருண்டையாகிவிடும்.

முந்தின நாளே நட்டைக் கம்பி பிரஷ்ஷால் சுத்தம் செய்து, துரு இளக்கும் ஆயில் விடுங்கள். எங்கே விடுகிறீர்கள் என்பதுதான் விஷயம். நட் சிலிண்டருக்குள் நுழையும் இடத்தில் விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். நட்டின் முதுகில், பைப் உள்ளே நுழையும் வாயிலும் விட வேண்டும். சாயங்காலம் ஒரு தடவை, காலையில் ஒரு தடவை, நடுவில் ஸ்பேனர் பிடியால் நட்டின் பக்கவாட்டில் லேசாக நாலு தட்டு. கழற்றிய பிறகு அந்த ஆயிலைச் சுத்தமாகத் துடைத்துவிட வேண்டும். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

இப்போது ஒரு சின்ன வித்தை. வெள்ளை மார்க்கர் எடுத்து, நட்டின் மேலும் அதை ஒட்டிய பைப்பின் மேலும் சேர்த்து ஒரே நேர்கோடு போடுங்கள். மார்க்கர் இல்லாவிட்டால் எழுத்துப் பிழை அழிக்கும் வெள்ளைத் திரவம் போதும். அப்புறம் ஸ்பேனரை ஒரு நூல் அளவுக்குத் திருப்பிவிட்டு நிறுத்துங்கள். கோட்டைப் பாருங்கள். நட்டில் உள்ள பாதி நகர்ந்து, பைப்பில் உள்ள பாதி அங்கேயே நின்றால், கோடு உடைந்துவிட்டது, பைப் பிழைத்தது. தைரியமாகக் கழற்றலாம். கோடு உடையாமல் இரண்டும் சேர்ந்தே நகர்ந்தால் அதே இடத்தில் கையை எடுத்துவிடுங்கள். பைப் முறுக ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். நட்டைப் பழைய இடத்துக்கே திருப்பி, முதுகில் மறுபடி ஆயில் விட்டு, முன்னும் பின்னும் நூல் நூலாக ஆட்டிக்கொடுங்கள். பத்து நிமிடம், சில நேரம் அரை மணி. திடீரென்று ஒரு தடவை கோடு உடையும். அந்தக் கணம் ஸ்பேனரில் வரும் உணர்வே வேறு மாதிரி இருக்கும், கரகரவென்று இருந்தது வழுக்கிக்கொண்டு போகும்.

அரை மணி ஆட்டியும் உடையவில்லையா? நட்டைச் சுற்றாதீர்கள், எதிர்ச்சாமானைச் சுற்றுங்கள். வீல் சிலிண்டரின் போல்ட்டுகளைக் கழற்றி, இடம் கிடைத்தால் சிலிண்டரையே நட்டிலிருந்து திருகி எடுக்கலாம். ரப்பர் ஹோஸ் சேரும் இடத்திலும் இதேதான். பிராக்கெட்டில் இருக்கும் கிளிப்பைத் தட்டி எடுத்து, மறுமுனையை முன்னாடியே விடுவித்து வைத்திருந்தால், நட்டை ஸ்பேனரில் அசையாமல் பிடித்துக்கொண்டு ஹோஸைச் சுற்றிக் கழற்றலாம். பைப் முறுகவே முறுகாது. இதைத் தெரிந்துகொள்ள எனக்கு நாலு பைப் செலவானது.

சூடு காட்டலாமா என்று கேட்பார்கள். காட்டலாம், ஆனால் தீ வேண்டாம், ஹாட் ஏர் கன் போதும். ரப்பர் ஹோஸ், பெட்ரோல் டேங்க் பக்கத்தில் அதுவும் வேண்டாம். ஏர் எடுக்கும் நிப்பிளை (ஆயிலில் சிக்கிய காற்றை வெளியே விடும் சின்னத் திருகு) திறந்து வைத்துவிட்டுச் செய்யுங்கள், மூடிய பைப்புக்குள் ஆயில் கொதிக்கக் கூடாது. குளோரின் கலந்த பிரேக் கிளீனர் ஸ்பிரே அடித்த இடத்தில் மட்டும் எக்காரணம் கொண்டும் சூடு வேண்டாம். அதிக வெப்பத்தில் அது பாஸ்ஜீன் என்ற விஷவாயுவாக மாறும். முதல் உலகப்போரில் ஆட்களைக் கொன்ற அதே வாயு.

பைப்பை எப்படியும் மாற்றத்தான் போகிறீர்கள் என்றால் இத்தனை பொறுமை தேவையில்லை. நட்டை ஒட்டிப் பைப்பை வெட்டி எறிந்துவிட்டு ஆறு மூலை சாக்கெட்டைப் போட்டுக் கழற்றுங்கள். பைப்பின் வெளிப்பக்கம் துரு குழி குழியாக அரித்திருந்தால் நான் காப்பாற்றிப் பார்ப்பதே இல்லை. அவசரப் பிரேக்கின்போது அந்த மெல்லிய பைப்புக்குள் நூறு பார் அழுத்தம்வரை ஏறும்.

ஒன்று மறந்துவிட்டேன். பைப்பைக் கழற்றிவிட்டால் பிரேக் ஆயில் சொட்டிக்கொண்டே இருக்கும், கீழே வேலை செய்பவருக்குக் கண்ணில் விழும், ஆயில் தொட்டியான ரிசர்வாயர் காலியாகும். கழற்றும் முன்பே பிரேக் பெடலை இரண்டு விரல்கடை அளவுக்கு அமுக்கி, சீட்டுக்கும் பெடலுக்கும் நடுவே ஒரு குச்சியை முட்டுக் கொடுத்து வையுங்கள். பெடல் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்குள் ஆயில் இறங்கும் துளையை பிஸ்டன் தாண்டிப்போய் மூடிவிடும், சொட்டுவது அநேகமாக நின்றுவிடும். பிரேக் லைட் எரிந்துகொண்டே இருக்கும் என்பதால் பேட்டரி கம்பியைக் கழற்றிவிடுங்கள்.

சரி, இனி மாட்டும் வேலை. நட் சிக்குமா சிக்காதா என்பது முடிவாகும் இடம் இதுதான்.

பைப்பைக் கையில் எடுத்து, நட்டை ஃப்ளேரிலிருந்து பின்னுக்குத் தள்ளுங்கள். ஒரு விரல் நீளத்துக்காவது தாராளமாக நகர வேண்டும், விரலால் சுற்றினால் கிறுகிறுவென்று சுற்ற வேண்டும். இறுக்கமாக இருந்தால் அந்த நட் இன்னும் விடுபடவில்லை, அதை அப்படியே மாட்டினால் அடுத்த தடவை நிச்சயம் பைப் முறுகும். பைப்பில் நட் உட்காரும் இடத்தில் துரு மேலாக மட்டும் இருந்தால் நைஸ் எமரி பேப்பரால் லேசாகத் தேய்த்து எடுங்கள். துரு இல்லாத இடத்தில் எமரி போடாதீர்கள். பைப்பின் மேல் துத்தநாகப் பூச்சு இருக்கும், அதைச் சுரண்டிவிட்டால் துருவுக்கு நீங்களே கதவைத் திறந்துவிட்ட மாதிரி. துணியால் துடைத்தால் போதும். சிலிண்டர் பக்கத்து மரையையும் காய்ந்த நைலான் பிரஷ்ஷால் சுத்தம் செய்யுங்கள். அப்போது துளை வாய் கீழே பார்க்கட்டும், தூசி உள்ளே விழக் கூடாது.

அடுத்து மசகு. இதில்தான் ஆளாளுக்கு ஒரு கட்சி. என் கட்சியைச் சொல்கிறேன்.

பிரேக்குக்குள் இருக்கும் ரப்பர் சீல்கள் கிளைக்கால் வகை பிரேக் ஆயிலுக்கு ஏற்றபடி ஈ.பி.டி.எம். என்ற ரப்பரில் செய்தவை. டாட் 3, டாட் 4, டாட் 5.1 மூன்றும் இந்த வகை ஆயில்தான். இந்த ரப்பருக்கு மினரல் ஆயில் பரம எதிரி. இன்ஜின் ஆயிலோ, வீல் பேரிங் கிரீஸோ, துரு இளக்கும் ஸ்பிரேயோ உள்ளே கலந்தால் சீல் ஊறி உப்பிவிடும், பிரேக் பிடித்தபடியே நிற்கும். கழற்றும்போது விட்ட ஆயிலைச் சுத்தமாகத் துடைக்கச் சொன்னது இதற்குத்தான். கையில் ஏற்கெனவே இருக்கிறதே என்று சேசிஸ் கிரீஸை எடுத்துத் தடவாதீர்கள்.

நான் போடுவது ரப்பர் கிரீஸ். சிவப்பாக இருக்கும், தாவர எண்ணெயை அடிப்படையாகக் கொண்டது, பிரேக் சீல்களுக்கென்றே செய்தது. தப்பித்தவறி ஒரு துளி உள்ளே போனாலும் கெடுதல் இல்லை. பிரேக்குக்கு ஏற்றது என்று டப்பாவில் போட்ட சிலிக்கோன் கிரீஸும் சரிதான். காப்பர் கிரீஸ் போடுகிறவர்கள் நிறையப் பேர். நானும் பல வருஷம் போட்டவன்தான். பெரும்பாலும் அதன் அடிப்படை மினரல் ஆயில், அதனால் மரையில் போடுவதை விட்டுவிட்டேன். டிஸ்க் பிரேக்கில் பேடுகளை அமுக்கும் காலிப்பர் அலுமினியமாக இருந்தால் செம்பும் அலுமினியமும் ஈரத்தில் சேர்ந்து அரிப்பைக் கூட்டும் என்பது இன்னொரு காரணம்.

எவ்வளவு போடுவது? தீக்குச்சித் தலை அளவுக்கு எடுத்து, நட்டைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு, ஃப்ளேருக்குப் பின்னால் பைப்பின் மேல் நட் உட்காரும் நீளத்துக்கு மட்டும் மெல்லிய படலமாகத் தேய்க்க வேண்டும். அப்புறம் நட்டை அதன் மேல் முன்னும் பின்னும் நாலு தடவை ஓட்டி, சுற்றியும் விட்டால் உள்துளை முழுக்கப் பரவிவிடும். மரைக்கு, முன்னால் இரண்டு சுற்றை விட்டுவிட்டுப் பின்னால் இருக்கும் மரையில் மட்டும் விரல் நுனியில் ஒட்டியதைத் தடவினால் போதும். ஃப்ளேரின் முகத்தில் எதுவும் கூடாது. அங்கே வழிந்திருந்தால் பஞ்சில்லாத துணியால் துடைத்து, துணியில் கறை வராத வரை துடையுங்கள்.

டெஃப்லான் டேப் சுற்றுகிறவர்களை இன்னும் பார்க்கிறேன். தண்ணீர்க் குழாய் வேலைப் பழக்கம் அது. இங்கே மரை எதையும் அடைப்பதில்லை, ஆகவே டேப்புக்கு ஒரு வேலையும் இல்லை. அதிலிருந்து பிரிந்த ஒரு நூல், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். வால்வுக்குள் போய் உட்கார்ந்தால் அப்புறம் தேடிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

முதல் நாலைந்து சுற்றும் கை விரலால்தான். ஸ்பேனர் பெட்டியிலேயே இருக்கட்டும். விரலால் சுற்ற முடியவில்லை என்றால் பைப் நேராக உட்காரவில்லை, மரை கோணலாக ஏறுகிறது. பைப்பை லேசாக ஆட்டி, நேராக்கி, ஒரு சுற்று பின்னுக்குத் திருப்பி மறுபடி ஆரம்பியுங்கள். சிலிண்டரின் போல்ட்டுகளை முழுக்க இறுக்காமல் விட்டுவைத்திருந்தால் இது சுலபம். நட் விரலில் ஏறிய பிறகு போல்ட்டை இறுக்கிக்கொள்ளலாம். கோணலாக ஏறிய மரைதான் பாதி வண்டிகளில் துருவைவிட மோசமாகச் சிக்குவது, அதற்கு எந்த ஆயிலும் உதவாது.

புது நட் வாங்கினால் மரை அளவைச் சரிபார்த்தே தீர வேண்டும். இன்றைய கார்களில் அதிகம் வருவது 10 மி.மீ. விட்டம், 1 மி.மீ. பிட்ச், அதாவது ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் உள்ள இடைவெளி. பழைய வண்டிகளில் அங்குலக் கணக்கில் 3/8, அங்குலத்துக்கு 24 மரை. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. 3/8 நட் 10 மி.மீ. துளையில் தொளதொளவென்று உள்ளே போய்விடும், நாமும் சரியாக இருக்கிறது என்று நினைத்துக்கொள்வோம், இறுக்கும்போது மரை வழித்துக்கொண்டு வரும். ஃப்ளேரிலும் இரண்டு ஜாதி உண்டு, உள்ளே மடித்த டபுள் ஃப்ளேர் ஒன்று, குமிழ் மாதிரி இருக்கும் பபுள் ஃப்ளேர் ஒன்று. மாற்றிப் போட்டால் ஒழுகும். ஒழுகுகிறதே என்று மேலும் மேலும் இறுக்குவோம். அப்படி அளவுக்கு மேல் இறுக்கிய நட், புதிதாகவே இருந்தாலும் சிக்கிய நட்தான்.

இறுக்கும் அளவு, இந்த 10 மி.மீ. நட்டுக்குப் பெரும்பாலான கார்களில் சுமார் 12 முதல் 18 நியூட்டன் மீட்டர். உங்கள் வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் உள்ளதே கடைசி வார்த்தை. மரையில் கிரீஸ் பட்டிருந்தால் அதே முறுக்குக்கு நட் இன்னும் ஆழமாக அழுந்தும், ஆகவே கொடுத்த அளவில் கீழ்ப்பக்கமாக நின்றுகொள்ளுங்கள். முறுக்கை அளந்து இறுக்கும் டார்க் ரெஞ்ச் நுழையாத இடத்தில் நான் ஸ்பேனரைக் கடைசியில் பிடிக்காமல் பாதியில் பிடிப்பேன். கை தானாகவே அளவோடு நிற்கும்.

ஏர் எடுக்கும் நிப்பிளுக்கும் இதே நோய்தான். வழி மட்டும் வேறு. நிப்பிள் உள்ளே வெற்றுக் குழாய். தலையில் ரப்பர் மூடி இல்லாவிட்டால் மழைத் தண்ணீர் குழாய்க்குள் நின்று, உள்ளிருந்தே துரு தின்னும். வெளியே பார்த்தால் பளபளவென்று இருக்கும், ஸ்பேனர் போட்டால் தலை தனியாக முறிந்து கையோடு வரும். தொலைந்த மூடிக்குப் பதில் மூடி போடுங்கள், அதற்கு முன் குழாய்க்குள் மீந்த ஆயிலைத் துணி நுனியால் உறிஞ்சி எடுங்கள். மரையில் ரப்பர் கிரீஸ் தடவலாம், கூம்பு நுனியில் மட்டும் படக் கூடாது. பிரேக் ஆயில் ஈரத்தைக் காற்றிலிருந்தே உறிஞ்சும் என்பதால் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை அதை மாற்றுவது பொதுவான வழக்கம். அதைத் தவறாமல் செய்கிற வண்டியில் நிப்பிள் சிக்கி நான் அதிகம் பார்த்ததில்லை. இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை திறந்து மூடுவதே அதற்குப் போதும்.

ஏர் எடுத்து முடித்ததும் நட்டின் மேல் சிந்தியிருக்கும் பிரேக் ஆயிலைத் துடைத்தால் மட்டும் போதாது, தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். கிளைக்கால் ஆயில் தண்ணீரில் கரைந்து போய்விடும். விட்டுவைத்தால் பெயின்டை உரித்து எடுக்கும், உரிந்த இடத்தில் துரு பிடிக்கும். நன்றாகக் காய்ந்த பிறகு நட்டின் முதுகில், பைப் நுழையும் அந்த வாயைச் சுற்றி, பாடிக்குள் அடிக்கும் மெழுகு வகை ஸ்பிரேயை ஒரு கோட் அடிக்கிறேன். தண்ணீர் நுழையும் பெரிய கதவு அதுதான். ஸ்பிரே ரோட்டார் மேலோ பிரேக் பேட் மேலோ படாமல் ஒரு அட்டையைக் குறுக்கே பிடித்துக்கொள்ளுங்கள்.

புதுப் பைப் போடுகிறீர்கள் என்றால், செம்பும் பத்து சதவீதம் நிக்கலும் கலந்த பைப் கிடைத்தால் அதைப் போடுங்கள். வால்வோ கார்களில் 1970களிலேயே வந்துவிட்ட சமாச்சாரம். கையாலேயே வளையும், ஃப்ளேர் அழகாக விழும், துரு பிடிக்காது. ஆனால் நட் இரும்புதான் என்பதை மறந்துவிட்டுக் கிரீஸ் போடாமல் மாட்டுகிறவர்கள் உண்டு. நட்டின் துரு, நல்ல பைப்பையும் இறுக்கிப் பிடிக்கும். சுத்தச் செம்புப் பைப் வேண்டாம், அதிர்வில் நாளாக ஆக இறுகி விரிசல் விடும்.

கடைசியாக, பெடலில் முட்டுக் கொடுத்த குச்சியை ஏர் எடுக்கும் முன்பே எடுத்திருப்பீர்கள். இல்லையென்றால் இப்போது எடுங்கள், நானும் ஒரு தடவை மறந்திருக்கிறேன். ஒருவரை உட்காரவைத்துப் பெடலைப் பலமாக அமுக்கி ஒரு நிமிடம் பிடிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு நட்டின் அடியிலும் வெள்ளை டிஷ்யூ காகிதத்தை ஒற்றிப் பாருங்கள். பைப்பில் உங்கள் வெள்ளைக் கோடு இன்னும் இருந்தால், நட்டிலும் அதற்கு நேராகப் புதிதாக ஒரு கோடு போட்டுவிடுங்கள், அடுத்த தடவை கழற்றுகிறவருக்கு உதவும். அப்புறம் அதே காகிதத்தை நட்டைச் சுற்றிக் கட்டி ராத்திரி முழுக்க விட்டுவையுங்கள். காலையில் காய்ந்திருந்தால் அவிழ்த்துவிட்டு வண்டியை மெதுவாக எடுத்து, ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் நாலு தடவை பிரேக் பிடித்துப் பாருங்கள்.